டி.வி.க்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

(செங்கோட்டையில் டி.வி., ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறார். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் உட்கார்ந்து விளையாடுவதையும் படம் பார்ப்பதையும் பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.)

அண்ணாச்சி, சின்ன வயதில் கேசட் சொருகி ஆடிய மரியோ, கான்ட்ரா எல்லாம் திரும்ப ஆட ஆசை. வீட்டில் மனைவிக்கு ஓ.டி.டி.யில் சீரியலும் மலையாளப் படமும் ஓட வேண்டும். ஐந்தாயிரம் ரூபாய்க்குள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டியாக எதை வாங்கலாம்?
*தபால் துறை ஊழியர், புளியரை*

முதலில் எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள். வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது? உங்கள் மனைவி கையில் என்றால், அவருக்கு ஏற்ற பெட்டியை வாங்கி அதில் உங்கள் விளையாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் என்றால் கணக்கு வேறு. இரண்டையும் ஒரே அளவு நன்றாகச் செய்யும் மலிவான பெட்டி என்று ஒன்று என் மேஜைக்கு இதுவரை வந்ததில்லை.

காரணம் இதுதான். ஓ.டி.டி. நிறுவனங்கள் படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு பெட்டிகளில் அந்தப் பூட்டுக்கு வைட்வைன் என்று பெயர், கூகுளுடையது. அதில் எல்1, எல்3 என்று தரங்கள் உண்டு. எல்1 தரத்தில் பூட்டைத் திறக்கும் வேலை முழுவதும் சிப்புக்குள் பாதுகாக்கப்பட்ட பகுதியிலேயே நடக்கும். எல்3 தரத்தில் எல்லாம் மென்பொருள் மட்டத்தோடு சரி. நெட்ஃபிளிக்ஸ் போன்றவை எல்1 இருந்தால்தான் முழு எச்.டி. படம் தரும், இல்லாவிட்டால் மங்கலான படம்தான். கடைக்காரர் '4கே பெட்டி' என்று சத்தியம் செய்தாலும் இந்தச் சான்று இல்லாத பெட்டியில் உங்கள் மனைவி பார்க்கப்போவது பழைய கேபிள் காலத்துத் தெளிவுதான்.

பழைய விளையாட்டுக்கோ பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. நாம் விரும்பும் மென்பொருளைப் போட்டுக்கொள்ளவும், விரும்பும் கோப்பை வைத்துக்கொள்ளவும் பெட்டி அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று அதிகக் கட்டுப்பாட்டைக் கேட்கிறது, மற்றது கட்டுப்பாடே வேண்டாம் என்கிறது. ஒரே பெட்டியில் இரண்டும் இழுபறியாவது இதனால்தான்.

உங்கள் தொகைக்கு நான் சொல்வது, முறையான அனுமதி பெற்ற கூகுள் டி.வி. அல்லது ஆண்ட்ராய்டு டி.வி. சிறுபெட்டி. பிளே ஸ்டோரில் ரெட்ரோஆர்ச் என்ற செயலி இலவசமாகக் கிடைக்கும். பழைய இயந்திரங்களைப் போல நடிக்கும் மென்பொருள்களை எமுலேட்டர் என்பார்கள். அவற்றில் பலவற்றை ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பது இந்தச் செயலி. கேசட் காலத்து விளையாட்டுகளை இந்தச் சிறுபெட்டிகள் திணறாமல் ஓட்டும். அமேசான் ஃபயர் ஸ்டிக் வாங்குவதாக இருந்தால் அட்டையைப் படித்து வாங்குங்கள். 2025இல் வந்த 'ஃபயர் டி.வி. ஸ்டிக் 4கே செலக்ட்' ஆண்ட்ராய்டு அடிப்படையில் ஓடுவதில்லை. வேகா என்ற வேறொரு இயங்குதளம் அதில் இருக்கிறது. வெளியிலிருந்து செயலிகளைக் கொண்டுவந்து போட அதில் வழியில்லை. படம் பார்க்க மட்டும் என்றால் குறையொன்றும் இல்லை. உங்களுக்கு அது ஆகாது.

இடம் போதுமா என்று அடுத்த கடிதம் போடுவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலும் 8 ஜிபி இருக்கும். அதிலும் ஒரு பகுதியை இயங்குதளமே விழுங்கிவிடும். ஆனால் 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்தான். உங்கள் சித்தப்பா தினமும் காலையில் அனுப்பும் ரோஜாப்பூ வாழ்த்துப் படம் அதைவிடப் பெரியதாக இருக்கும். பிளேஸ்டேஷன் ஒன்றுக்குப் போனால் கதை மாறும்: அதன் ஒரு குறுந்தகடு 650 மெகாபைட் வரை வரும். நாலைந்து ஏற்றியதும் பெட்டி மூச்சு வாங்கும்.

ஐந்தாயிரத்தையும் பெட்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு நல்ல ஜாய்ஸ்டிக்குக்குப் பணம் ஒதுக்குங்கள்; ரிமோட்டில் மரியோவைக் குதிக்கவைப்பது கைக்கும் மனதுக்கும் கேடு. டி.வி.யின் பட அமைப்பில் 'கேம் மோட்' என்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். பொத்தானை அழுத்திக் கொஞ்சம் பொறுத்துத்தான் மரியோ குதிக்கிறார் என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு அமைப்பில் தீர்ந்துவிடுகின்றன.

புனலூர் சந்தையில் 'கேம் ஸ்டிக் 4கே, 10,000 விளையாட்டு' என்று இரண்டு ஜாய்ஸ்டிக்கோடு மிக மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?
*ரப்பர் தோட்டத் தொழிலாளியின் மகன், தென்மலை*

4கே என்பதை முதலில் பார்ப்போம் தம்பி. 4கே திரையில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 புள்ளிகள், பெருக்கினால் 82,94,400. கேசட் காலத்து நின்டெண்டோ இயந்திரம் வரைந்த படம் 256க்கு 240, அதாவது 61,440 புள்ளிகள். வகுத்துப் பார், சரியாக 135 வரும். ஒரு புள்ளியை 135 புள்ளியாக இழுத்துக் காட்டுவதைத்தான் அட்டையில் 4கே என்று அச்சடித்திருக்கிறார்கள். மரியோவின் மீசையில் அதனால் ஒரு முடிகூட அதிகமாகாது.

பத்தாயிரம் என்பதில் ஒரே விளையாட்டு ஜப்பானியப் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு என்று மூன்று முறை வரும். பெயரை மாற்றி நாலாவது முறையும் வரும். அந்தக் காலத்துக் கேசட்டில் 'தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம் விளையாட்டு' என்று ஒட்டியிருந்ததே, அதே பரம்பரை. உன் அப்பாவைக் கேள், சொல்வார்.

அவற்றில் முதலில் கெடுவது மெமரி கார்டு. பெயர் தெரியாத கார்டு போட்டுத்தான் இந்த விலைக்கு விற்க முடிகிறது. வாங்கியே தீருவது என்றால், வாங்கிய அன்றே கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு முழுவதையும் நகலெடுத்து வைத்துக்கொள். பிறகு நல்ல நிறுவனத்தின் கார்டு ஒன்றை வாங்கி அதில் ஏற்றிக்கொள். அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு கொஞ்சம் கரையும்.

என் அபிப்பிராயம் கேட்டால், தங்கைக்கும் உனக்கும் விடுமுறையில் ஒரு மாதம் ஓட்ட இது போதும். ஓ.டி.டி. இதில் வராது. இரண்டு வருடம் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

என் மச்சான் துபாயிலிருந்து ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி கொண்டுவந்தார். எல்லாச் சேனலும் எல்லாப் படமும் சந்தா இல்லாமல் வருகிறது. ஆனால் வீட்டு இன்டர்நெட் ஊர்கிறது. பெட்டிக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?
*பள்ளி ஆசிரியை, கடையநல்லூர்*

இருக்கும் டீச்சர். இந்தக் கடிதத்தைப் படித்ததும் முதலில் அந்தப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

பயமுறுத்தவில்லை. 2023 ஜனவரியில், டி95 என்ற பெயரில் இணையக் கடைகளில் விற்ற ஒரு மலிவான ஆண்ட்ராய்டு பெட்டியில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கெடுமென்பொருள் இருந்ததை ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., 'பேட்பாக்ஸ் 2.0' என்ற பெயரில் இப்படிப்பட்ட கருவிகளைப் பற்றிப் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. வேலை நடப்பது எப்படியென்றால், பெட்டி உங்கள் வீட்டு இணைப்பை முன்பின் தெரியாத ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறது. எங்கோ ஒருவன் செய்யும் திருட்டு விளம்பரச் சொடுக்கும் கடவுச்சொல் திருட்டு முயற்சியும் கடையநல்லூரில் உள்ள உங்கள் வீட்டிலிருந்து போனதாகப் பதிவாகும். இணைப்பு ஊர்வது அதன் அறிகுறியாக இருக்கலாம். 'எல்லாப் படமும் இலவசம்' என்று சொல்லி விற்கும் பெட்டியும், செயலியைப் போடுவதற்கு முன்னால் பிளே புரொடெக்ட் என்ற கூகுள் காவலை அணைக்கச் சொல்லும் பெட்டியும் அந்த எச்சரிக்கையில் வரும் அடையாளங்கள்தாம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்தப் பெட்டியில் எந்த மின்னஞ்சல் கணக்கைப் போட்டீர்களோ அதன் கடவுச்சொல்லைக் கைபேசியிலிருந்து மாற்றுங்கள். ரௌட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ரீசெட் செய்தால் போதுமா என்று கேட்காதீர்கள். கெடுதல் இயங்குதளத்தோடேயே வந்திருந்தால் ரீசெட் அதையே மறுபடி கொண்டுவந்து நிறுத்தும். மச்சானிடம் எப்படிச் சொல்வது என்பதில் மட்டும் என்னால் உதவ முடியாது.

என்னிடம் பழைய டி.வி. கேமும் வாத்து சுடும் துப்பாக்கியும் இன்னும் நன்றாக இருக்கின்றன. புது எல்.இ.டி. டி.வி.யில் போட்டால் மரியோ ஓடுகிறார், வாத்து மட்டும் ஒன்றுகூட விழ மாட்டேன் என்கிறது. துப்பாக்கி பழுதா?
*மளிகைக் கடைக்காரர், செங்கோட்டை*

துப்பாக்கியில் ஒன்றும் இல்லை முதலாளி. டி.வி.தான் மாறிவிட்டது. இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னாலும் எழுதுவேன். நான் பார்த்த மலிவான தந்திரங்களில் இதைப் போல அழகானது குறைவு.

துப்பாக்கியிலிருந்து திரைக்கு ஒன்றும் பாய்வதில்லை. குழலுக்குள் இருப்பது ஒளியை உணரும் சின்ன உறுப்பு. துப்பாக்கி பார்க்கும், அவ்வளவுதான். விசையை இழுத்த கணத்தில் இயந்திரம் திரை முழுவதையும் கறுப்பாக்கிவிடும். அடுத்த படச்சட்டத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரையும். இரண்டு வாத்து என்றால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கட்டம். நம் ஊர் முறையில் நொடிக்கு ஐம்பது படச்சட்டம் என்பதால் ஒவ்வொன்றும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். கண்ணுக்கு ஒரு மின்வெட்டுப் போலத் தெரியும். துப்பாக்கிக்கு முதலில் இருட்டும் உடனே வெளிச்சமும் தெரிந்தால் வாத்து விழும். எந்தக் கட்டம் வந்தபோது வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று முடிவாகும். பல்பைப் பார்த்துச் சுட்டால் எல்லாம் விழும் என்று தெருப் பையன்கள் நம்பினோமே, அதைத் தடுக்கத்தான் அந்த முதல் இருட்டு.

இது பிக்சர் டியூப் டி.வி.யில் மட்டுமே நடக்கும். அங்கே சிக்னல் வரவர, வரி வரியாகத் திரையில் வெளிச்சம் விழுகிறது. இடையில் காத்திருப்பு இல்லை. எல்.இ.டி. டி.வி. படத்தை வாங்கி, தன் அளவுக்குப் பெரிதாக்கி, மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். அதற்குள் இயந்திரம் பார்த்து முடித்து, 'வெளிச்சம் வரவில்லை, குறி தப்பியது' என்று தீர்ப்பு எழுதிவிடும். போதாததற்கு அந்தத் துப்பாக்கியின் மின்சுற்று, பிக்சர் டியூபின் வேகமான வரித் துடிப்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. எல்.இ.டி.யின் நிதானமான ஒளி அதற்கு ஒளியாகவே படாது. கேம் மோட் போட்டும் பலனில்லை.

வழி இரண்டு. எமுலேட்டரில் ஆடினால் துப்பாக்கிக்குப் பதில் மவுஸ் வைத்து வாத்து சுடலாம். சுவை பாதி போய்விடும். கேமரா பொருத்தி, திரையின் வெள்ளை ஓரத்தைப் பார்த்துக் குறி கணிக்கும் புதுவகைத் துப்பாக்கிகள் வெளிநாட்டில் வருகின்றன. விலையைக் கேட்டால் வாத்தை வாங்கி வளர்க்கலாம் என்று தோன்றும். இரண்டாவது வழி, ஒரு பிக்சர் டியூப் டி.வி. இடைகால் பக்கம் பழைய சாமான் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. வாங்கினால் கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறேன். பின்மூடியை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம். அணைத்த பிறகும் டியூபில் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் நிற்கும்.

ராஸ்பெர்ரி பை வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஸீரோ 2, 4, 5 என்று பல இருக்கின்றன. பழைய விளையாட்டுக்கும், ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்திருக்கும் படங்களுக்கும் எது போதும்?
*கல்லூரி மாணவர், இலஞ்சி*

ஓ.டி.டி. கேட்கவில்லை, கோப்புகளாக உள்ள படங்களை மட்டும் கேட்கிறீர்கள். அப்படியானால் பை உங்களுக்கு ஏற்றதுதான்.

பிள்ளைகள் கணினி கற்கட்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கி, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த சின்னக் கணினிப் பலகை இது. ஸீரோ 2 டபிள்யூ, 2021இல் 15 டாலர் விலையில் வந்தது. 512 எம்பி நினைவகம்; கேசட் காலத்திலிருந்து பிளேஸ்டேஷன் ஒன்று வரை ஓட்டும், நின்டெண்டோ 64இல் திணறும். ஆனால் அதில் இருப்பவை மினி ஹெச்.டி.எம்.ஐ., மைக்ரோ யு.எஸ்.பி. துளைகள்தான். மாற்று இணைப்பான், யு.எஸ்.பி. ஹப், சார்ஜர், கார்டு, டப்பா என்று வாங்கி முடிக்கும்போது பலகையின் விலை சில்லறைச் செலவாகிவிடும். பை 5, 2023இல் வந்தது, வேகமானது. அதன் முழுத் திறனுக்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் சார்ஜர் கேட்கும், சூட்டைத் தணிக்க விசிறியும் கேட்கும். இயர்போன் துளையை எடுத்துவிட்டார்கள்.

நான் 4ஐத்தான் சொல்வேன், 2 ஜிபி போதும். 2019இல் வந்தது. எச்.265 என்ற முறையில் சுருக்கிய 4கே படத்தையும் எச்.264 முறையில் சுருக்கிய முழு எச்.டி. படத்தையும் சிப்பே நேரடியாக அவிழ்க்கும். அதன் 3.5 மில்லிமீட்டர் துளையில் ஒலியோடு பழைய டி.வி.க்கான வீடியோவும் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. அமைப்பில் அதை இயக்கிவிட்டு நான்கு வளைய முனையுள்ள வயர் போட வேண்டும். மஞ்சள் முனையில் படம் வரவில்லை என்றால் சிவப்பு முனையை மாற்றிச் சொருகிப் பாருங்கள். கேமராவோடு வந்த வயர்களில் வரிசை மாறியிருக்கும்.

பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோபை என்ற மென்பொருளின் ஆயத்த வடிவம் 2022 மார்ச்சில் வந்த 4.8. அது பை 4க்குப் பொருந்தும். படேசெரா, ரீகல்பாக்ஸ், லக்கா ஆகியவையும் இலவசம். படம் பார்க்க 'கோடி' (Kodi) என்ற செயலி, படேசெராவுக்குள்ளேயே அதுவும் இருக்கிறது. மெமரி சிப் விலை ஏறியதால் 2025 கடைசியில் பை விலையையும் ஏற்றினார்கள். ஆகவே யாரோ போன வருடம் சொன்ன விலையை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள்.

ஆரியங்காவில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. என் பை பலகையில் ஏற்கெனவே இரண்டு மெமரி கார்டு போய்விட்டது. ஆட்டத்தைச் சேமித்தாலும் மறுநாள் காணோம். என்ன செய்வது அண்ணா?
*ஜீப் ஓட்டுநர், ஆரியங்காவு*

மலைக்கு இந்தப் பக்கமும் அதே கதைதான். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையைத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரித்தவர்கள் மின்தடையை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவில் விட்டுவிட்டார்கள்.

ஆட்டம் காணாமல் போவதற்கும் கார்டு போவதற்கும் காரணம் வேறு வேறு. ரெட்ரோஆர்ச், விளையாட்டுக்குள் நீங்கள் 'சேவ்' கொடுத்ததும் கார்டில் எழுதிவிடுவதில்லை; நினைவகத்தில் வைத்திருந்து, விளையாட்டை விட்டு முறையாக வெளியே வரும்போதுதான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் எழுதவே இல்லை என்று பொருள். அமைப்பில் சேமிப்புப் பகுதிக்குள் தானாகச் சேமிக்கும் இடைவெளி என்று ஒன்று அணைந்தே இருக்கும். அதை முப்பது நொடி என்று வையுங்கள். பாதித் தலைவலி போயிற்று.

கார்டு கெடுவது, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதால். சுவிட்சை அணைத்து விளையாட்டை முடிக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் மின்தடைதான், நீங்களே செய்யும் மின்தடை. மெனுவில் ஷட்டவுன் கொடுத்து, பச்சை விளக்கு துடிப்பதை நிறுத்திய பிறகு அணையுங்கள். எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளில் கார்டு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஒரே கோப்பாக நகலெடுத்து வைத்தால், அடுத்த கார்டு போனாலும் அரைமணி நேரத்தில் திரும்பலாம். ரௌட்டருக்கு வைக்கும் சின்ன யு.பி.எஸ். பெரும்பாலும் 12 வோல்ட் தருவது. 5 வோல்ட் 3 ஆம்பியர் தருகிறதா என்று பார்க்காமல் பையைச் சொருகாதீர்கள்.

இன்னொன்று: திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் சின்னம் வருகிறதா? மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பலகை சொல்கிறது. நல்ல கைபேசி சார்ஜர்தானே என்பீர்கள். கைபேசிக்கு மின்சாரம் குறைந்தால் மெதுவாக ஏறும், பலகைக்குக் குறைந்தால் நின்றுவிடும். நீளமான மெல்லிய வயரும் அழுத்தத்தைத் தின்னும். பலகைக்கென்று விற்கும் சார்ஜரை வாங்குங்கள். மழைக்காலத்தில் டப்பா இல்லாமல் பலகையைத் திறந்து வைக்காதீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து வந்த பலகை ஒன்றில் பல்லி குறுக்கே படுத்துச் செத்திருந்தது.

முப்பது வருடத்துக்கு முந்தைய விளையாட்டுகளை இணையத்திலிருந்து இறக்கினால் குற்றமா? யாரும் விற்காத பொருள்தானே?
*வாசகர், தென்காசி*

விற்காத பொருள் என்பதால் உரிமை போய்விடாது. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. கணினி நிரல்களும் அதில் அடக்கம். பாதுகாப்புக் காலம் அறுபது ஆண்டுக் கணக்கில் போகிறது. 1985 விளையாட்டுக்கு இன்னும் வயது இருக்கிறது. எமுலேட்டர் வேறு விஷயம்; 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சோனிக்கு எதிராக, எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நியாயமாக வாங்கிய நிரலுக்கு, கெட்டுப்போனால் உதவும் என்று காப்பு நகல் எடுத்துக்கொள்ள நம் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கேசட்டிலிருந்து அப்படி நகலெடுக்கும் கருவிகளும் உண்டு. யாரும் விற்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை: கான்ட்ரா வரிசையை அதை உருவாக்கிய கொனாமி நிறுவனம் 2019இல் ஒரே தொகுப்பாக மறுபடி வெளியிட்டது. இன்றும் அந்தப் பழைய இயந்திரத்துக்குப் புதிதாக விளையாட்டு எழுதி இலவசமாகத் தரும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். என் கடையில் பெட்டியைச் சரிசெய்வேன், விளையாட்டு ஏற்றித் தர மாட்டேன். நாலு பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்; போகட்டும்.

எங்கள் கல்யாண வீடியோ வி.சி.டி.யாக இருக்கிறது. பிளேயர் கெட்டுவிட்டது. புதுப் பெட்டியில் பார்க்க வழி உண்டா?
*இல்லத்தரசி, பண்பொழி*

உண்டு அம்மா, ஆனால் சீக்கிரம் செய்யுங்கள். நம் ஊர் ஈரத்தில் தகட்டில் பூஞ்சை படர்ந்துவிடும். தகடு போடும் வசதியுள்ள கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டால் உள்ளே எம்.பி.இ.ஜி.ஏ.வி. என்றொரு ஃபோல்டர் இருக்கும், அதில் ஏ.வி.எஸ்.இ.க்யூ.01 என்று தொடங்கும் '.டாட்' கோப்புதான் உங்கள் கல்யாணம். பென்டிரைவில் நகலெடுத்து வி.எல்.சி. செயலியில் ஓட்டுங்கள். படம் 352க்கு 288 புள்ளிதான், பெரிய டி.வி.யில் கொஞ்சம் கலங்கித் தெரியும். டி.வி.யைக் குறை சொல்ல வேண்டாம். பென்டிரைவ் ஒன்றோடு நிறுத்தாமல் மகன் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் வையுங்கள்.

கைபேசியின் ஹாட்ஸ்பாட் கொடுத்து ஸ்டிக்கில் படம் பார்க்கலாமா? தினம் 1.5 ஜிபி இருக்கிறது.
*பஸ் நடத்துநர், பகவதிபுரம்*

முழு எச்.டி. படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 2.25 ஜிபி. இடைவேளைக்கு முன்னாலேயே முடிந்துவிடும். தரத்தைக் குறைத்துப் பாருங்கள், அல்லது வீட்டுக்கு ஃபைபர் இழுங்கள்.

கையில் காசு இல்லை. அண்ணனின் பழைய லேப்டாப் பேட்டரி செத்து மூலையில் கிடக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
*பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, வடகரை*

இதை முதலில் கேட்டிருந்தால் மேலே உள்ள பாதிப் பதில்களை எழுதியிருக்க மாட்டேன் தாயி. பேட்டரி செத்தால் என்ன, சார்ஜர் இருக்கிறதல்லவா? 64 பிட் செயலி உள்ள லேப்டாப்தானா என்று மட்டும் அண்ணனிடம் கேள். ஆம் என்றால், படேசெராவின் கம்ப்யூட்டர் பதிப்பை அதன் தளத்திலிருந்து இறக்கி, 16 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவில் எழுதிக்கொள். லேப்டாப் தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்பில் 'செக்யூர் பூட்' இருந்தால் அணைத்துவிடு. பென்டிரைவைச் சொருகி லேப்டாப்பைப் போட்டதும் எஃப்12 அல்லது எஃப்9ஐத் தட்டிக்கொண்டே இரு. சில நிறுவனங்களில் வேறு பொத்தான். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடு. உள்ளே இருக்கும் விண்டோஸையோ அண்ணனின் படங்களையோ அது தொடாது. பென்டிரைவை எடுத்துவிட்டால் லேப்டாப் பழையபடி இருக்கும். ஹெச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று போட்டு டி.வி.யில் இணைத்தால் பிளேஸ்டேஷன் ஒன்று வரை தாராளமாக ஓடும், கோடியில் படமும் பார்க்கலாம். ஓ.டி.டி. பார்க்க விண்டோஸுக்குத் திரும்பி பிரௌசரில் போட்டுக்கொள். ஜாய்ஸ்டிக் வாங்கும் வரை கீபோர்டிலேயே ஆடு. பேட்டரி மட்டும் உப்பியிருக்கிறதா என்று அடிப்பக்கத்தைப் பார். உப்பியிருந்தால் லேப்டாப்பை இயக்காமல் அப்படியே என் கடைக்குக் கொண்டு வா. பேட்டரியைக் கழற்றித் தருவதற்குக் காசு வாங்க மாட்டேன்.